‘இன்குளூசிவ்’: ஒரு சொல்லும் அதன் பூட்டும்

கல்வித்துறைச் சுற்றறிக்கைகளிலும், ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கைகளிலும், வங்கிகளின் விளம்பரங்களிலும், தொண்டு நிறுவனங்களின் திட்டங்களிலும் அண்மைக் காலத்தில் ஓயாது ஒலிக்கும் ஆங்கிலச் சொற்களுள் ஒன்று ‘இன்குளூசிவ்’ என்பதாகும். எவரையும் புறத்தே நிறுத்தாது எல்லோரையும் வரவேற்றல் என்பதே இன்று அதற்கு வழங்கும் பொருள். கல்வி ‘இன்குளூசிவ்’ ஆக இருத்தல் வேண்டும் என்கின்றனர். பொருளாதார வளர்ச்சியும் அவ்வாறே இருத்தல் வேண்டும் என்கின்றனர். கடன் கொடுக்கும் நிறுவனமும் தன்னை அச்சொல்லால் அழைத்துக்கொள்கின்றது. தமிழில் நாம் அதனை ‘உட்படுத்தல்’ என்றும், ‘உள்ளடக்கிய’ என்றும், ‘உள்வாங்கும்’ என்றும் பலவாறாக மொழிபெயர்க்கின்றோம். ஆசிரியர்களுக்காக நடத்தப்படும் கருத்தரங்குகளில் இச்சொல் கேளாத நாளே இல்லை எனலாம்.

நல்ல பொருள் தரும் ஒரு சொல்லை இத்துணை துருவி ஆராய்வானேன் என்று சிலர் வினவக்கூடும். சொற்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. மனிதர் ஒருவரோடொருவர் கொண்ட உறவுகளின் தழும்புகளை அவை தாங்கி நிற்கின்றன. ‘எல்லோரும் வருக’ என்று ஒருவர் அழைக்கின்றார் எனில், அவ்வாறு அழைக்கும் அதிகாரம் அவர் கைக்கு எப்படி வந்தது? வெளியே நிற்பவர் வெளியே நிற்க நேர்ந்தது எதனால்? வரவேற்புச் சொல்லைக் கேட்டு மகிழுமுன் இவ்விரு கேள்விகளையும் எழுப்புதல் வரலாற்று மாணவனின் கடமையாகும். ‘இன்குளூசிவ்’ என்னும் சொல்லின் வரலாறே இக்கேள்விகளுக்கு விடை காண நமக்கு வழிகாட்டுகின்றது.

அடைத்தல் என்னும் வேர்

‘இன்குளூட்’ என்னும் வினைச்சொல் இலத்தீன் மொழியின் ‘இன்குளூடரே’ என்பதிலிருந்து பிறந்தது. ‘இன்’ என்பது உள். ‘கிளௌடரே’ என்பது மூடுதல், அடைத்தல். ஆகவே சொல்லின் மூலப்பொருள் ‘உள்ளே வைத்து அடைத்தல்’ என்பதேயாம். மூடுதலைக் குறிக்கும் ‘குளோஸ்’ என்பதும், துறவிகளின் மடத்து முற்றத்தைக் குறிக்கும் ‘குளோய்ஸ்டர்’ என்பதும், வெளியே தள்ளி அடைத்தலைக் குறிக்கும் ‘எக்ஸ்குளூட்’ என்பதும் இதே குடும்பத்தில் பிறந்தவை. திறவுகோலுக்கு இலத்தீனில் வழங்கும் ‘கிளாவிஸ்’ என்னும் சொல்லும் இவற்றுக்கு உறவு என்பர் மொழிநூலார். பூட்டும் திறவுகோலும் இல்லாமல் இச்சொற்குடும்பம் இல்லை.

மத்திய காலத்து ஐரோப்பாவில் சில துறவியர் தேவாலயச் சுவரை ஒட்டிய சிறு அறையொன்றில் தம்மை வாழ்நாள் முழுவதும் அடைத்துக்கொண்டனர். உணவு கொடுப்பதற்கும் வழிபாட்டைக் காண்பதற்கும் சிறு சாளரங்கள் மட்டுமே இருக்கும். அத்தகையோரை இலத்தீனில் ‘இன்குளூசஸ்’, அதாவது உள்ளே அடைக்கப்பட்டவர், என்று அழைத்தனர். இன்றுங்கூட மாணிக்கக் கற்களை ஆராய்வோர், நீலக்கல்லொன்றின் உள்ளே சிக்குண்டு கிடக்கும் அந்நியத் துகளை ‘இன்குளூசன்’ என்றே குறிப்பிடுகின்றனர். இரத்தினபுரியின் கல் வியாபாரி அச்சொல்லைச் சொல்லும்போது வரவேற்பை நினைப்பதில்லை. கல்லுக்குள் அகப்பட்டு வெளியேற வழியற்றுப் போனதொரு பொருளையே நினைக்கின்றான். அலுவலகங்களிலோ இச்சொல் நெடுங்காலமாகக் கணக்குச் சொல்லாகவே வழங்கிவந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை, அவ்விரு நாளும் உட்பட, என்று விடுமுறை விண்ணப்பத்தில் எழுதுவதற்கு அதுவே சொல். அன்பும் அழைப்பும் அதற்குள் புகுந்தது மிகப் பிற்காலத்திலேயே.

வேலி முந்தியது, வரவேற்பு பிந்தியது

‘இன்குளூட்’ என்பதற்கு ஒரு சகோதரி உண்டு. அதே இலத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு மொழியினூடாக ஆங்கிலத்தை அடைந்த ‘என்குளோஸ்’ என்பதே அது. வேலியடைத்தல் என்று பொருள்படும் இச்சொல் இங்கிலாந்தின் உழவர் வரலாற்றில் கண்ணீரால் எழுதப்பட்டதொன்றாகும்.

இங்கிலாந்தின் கிராமங்களில் பொதுநிலம் என ஒன்று இருந்தது. ஏழை உழவன் தன் பசுவை மேய்க்கவும், விறகு பொறுக்கவும், அறுவடைக்குப் பின் சிந்திய கதிர்களைச் சேர்க்கவும் மரபுவழி உரிமை பெற்றிருந்தான். அந்நிலத்தைச் சுற்றி வேலி எழுப்பி அதனைத் தனியுடைமையாக்குவதற்கு நிலவுடைமையாளர் பாராளுமன்றத்தையே கருவியாகக் கொண்டனர். 1604 ஆம் ஆண்டு முதல் 1914 ஆம் ஆண்டு வரை 5,200 க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள் நிறைவேற்றப்பட்டன. அவற்றால் அடைக்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர். இது இங்கிலாந்தின் மொத்த நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கை விஞ்சியது. நிலமிழந்த உழவனுக்கு எஞ்சியது தன் உடலுழைப்பு மட்டுமே. அதனை விற்பதற்கு அவன் ஆலைவாசலை நாடினான். கார்ல் மார்க்ஸ் தமது ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில் முதலாளித்துவத்தின் தோற்றத்தை விளக்குமிடத்து இவ்வேலியடைப்புக்கு முதன்மையானதோர் இடம் அளித்தமை காரணமின்றியன்று.

இது கடலுக்கு அப்பால் நடந்த கதையென்று நாம் அமைதியடைதற்கில்லை. வேலியடைக்கும் கலையைத் தாயகத்தில் கற்றுத் தேர்ந்த அதே ஆளும் வர்க்கம் இலங்கையிலும் அதனைப் பயன்படுத்தியது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலமெல்லாம், மாறாக நிரூபிக்கப்படாதவிடத்து, முடிக்குரியது எனக் கொண்டது. கண்டிக் கிராமத்தவர் சேனைப் பயிர் செய்தும் மாடு மேய்த்தும் வந்த நிலங்களுக்கு எழுத்திலான உறுதி எங்கிருந்து வரும்? தலைமுறை தலைமுறையாகப் பொதுவில் ஆண்ட நிலத்துக்கு எவரும் உறுதி எழுதி வைப்பதில்லை. முடிக்குரியதாக்கப்பட்ட நிலம் கோப்பித் தோட்டம் போட வந்தோருக்கு ஆரம்பத்தில் ஏக்கர் 5 சிலிங் விலைக்கு விற்கப்பட்டது. அத்தோட்டங்களில் உழைப்பதற்குத் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். ஒரு சாரார் நிலத்திலிருந்து வெளியே அடைக்கப்பட்டனர். இன்னொரு சாரார் லயத்துக்குள்ளே அடைக்கப்பட்டனர். அடைத்தவர் ஒருவரே. ‘எக்ஸ்குளூட்’, ‘இன்குளூட்’ என்னும் இரு சொற்களும் ஒரே பூட்டின் இரு பக்கங்கள் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

கல்வித்துறையிலும் இதற்கொப்பானதொரு நிகழ்வை நாம் காணலாம். இங்கிலாந்தில் ‘பப்ளிக் ஸ்கூல்’, அதாவது பொதுப் பாடசாலை, என்று பெயர் பெற்றவை செல்வர் பிள்ளைகள் பெருங்கட்டணம் செலுத்திப் பயிலும் தனியார் பாடசாலைகளாகும். வின்செஸ்டர் பாடசாலை 1382 ஆம் ஆண்டிலும், ஈட்டன் பாடசாலை 1440 ஆம் ஆண்டிலும் நிறுவப்பட்டபோது, ஒவ்வொன்றிலும் 70 ஏழை மாணவர் இலவசமாகப் பயிலவேண்டும் என்றே ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. காலப்போக்கில் செல்வர் உள்ளே புகுந்தனர், ஏழைகள் அருகினர், பெயர்ப்பலகையில் ‘பொது’ என்னும் சொல் மட்டும் நிலைத்தது. வாசலில் எழுதப்பட்டுள்ள சொல்லைக் கொண்டு உள்ளே இருப்போரை அளவிடலாகாது என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

சொல் புதுப்பொருள் பெற்ற விதம்

இனி, இச்சொல் இன்றைய பொருளைப் பெற்ற வரலாற்றை நோக்குவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பா செழித்தது. செழிப்பினூடும் பலர் தெருவில் நின்றனர். 1974 ஆம் ஆண்டில் பிரான்சின் சமூக நலத்துறையில் பதவி வகித்த ரெனே லெனுவார் என்பார் ‘புறந்தள்ளப்பட்டோர்’ எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டார். பிரெஞ்சு மக்களில் பத்தில் ஒருவர் அத்தகையோர் என்பது அந்நூலின் துணைத்தலைப்பிலேயே கூறப்பட்டது. உடல் ஊனமுற்றோர், மனநோயாளர், முதியோர் எனப் பலரையும் அவர் அக்கணக்கிற் சேர்த்தார். ‘புறந்தள்ளல்’ என்பது அரசியலார் நாவில் வழங்கும் சொல்லாயிற்று. அதற்கு மாற்றாக ‘உட்படுத்தல்’ என்பது பின்னர் எழுந்தது.

மாற்றுத்திறனுடையோர் தாமே நடத்திய இயக்கங்களே இச்சொல்லுக்கு உயிரூட்டின என்பதை நாம் மனமார ஏற்றுக்கொள்ளல் வேண்டும். பார்வையற்ற பிள்ளைக்கும் செவிப்புலனற்ற பிள்ளைக்கும் தனிப் பாடசாலை அமைத்து, அவர்களை ஊரின் கண்ணுக்கு மறைவாக வைத்தல் கருணையென்று கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அதன் பின்னர், பொதுப் பாடசாலைக்குத் தன்னைப் பொருத்திக்கொள்ளக்கூடிய பிள்ளையைச் சேர்க்கலாம் என்னும் கொள்கை வந்தது. அதுவும் போதாது, பிள்ளைக்கு ஏற்பப் பாடசாலையே மாறவேண்டும் என்பது அடுத்த படி. 1994 ஆம் ஆண்டு யூன் மாதம் ஸ்பெயின் நாட்டின் சலமன்கா நகரில் 92 அரசாங்கங்களினதும் 25 சர்வதேச அமைப்புகளினதும் பிரதிநிதிகள் கூடி இக்கொள்கையைப் பிரகடனம் செய்தனர். 2006 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை மாற்றுத்திறனுடையோர் உரிமைச் சமவாயத்தை ஏற்றது. இலங்கை அதில் 2007 இல் ஒப்பமிட்டு, 2016 இலேயே அதனை உறுதிப்படுத்தியது. 2015 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட உலக வளர்ச்சி இலக்குகளில் நான்காவதான கல்வி இலக்கிலும் இச்சொல் இடம்பெற்றது.

சுவரும் படியும் மேசையும் கரும்பலகையும் மாறவேண்டும் என்று கேட்டமையே இவ்வியக்கத்தின் பெருமை. வெளியே நிற்பவனிடம் குறை காணாது, கட்டிடத்தில் குறை கண்டது அது. ஆயின், சொல் இயக்கத்தாரின் கையிலிருந்து அலுவலகங்களின் கைக்கு மாறியபோது அதன் கூர்மை மழுங்கலாயிற்று. பொதுக் கட்டிடங்களில் மாற்றுத்திறனுடையோர் தடையின்றிப் புகுவதற்கான ஒழுங்குவிதிகள் இலங்கையில் 2006 ஆம் ஆண்டிலேயே வெளியாயின. எனினும் சக்கர நாற்காலி ஏற முடியாத படிகளோடு நிற்கும் அலுவலகங்களையும் பாடசாலைகளையும் நாம் இன்றும் காண்கின்றோம். போர் எத்தனை பேரின் கால்களைப் பறித்தது என்பதை அறிந்த வடக்கிலும் கிழக்கிலும்கூட நிலைமை இதுவே. எல்லோரையும் வரவேற்கின்றோம் என்னும் பதாகை அப்படிகளுக்கு மேலே தொங்குகின்றது.

அழைப்பின்றி நுழைந்தோர்

இலங்கைத் தமிழர் வரலாற்றில், சிறப்பாக யாழ்ப்பாண வரலாற்றில், கதவுகள் எவ்வாறு திறந்தன என்பதை இச்சொல்லோடு வைத்து நோக்குதல் பயனுடையது. கதியாலும் கிடுகுவேலியும் ஒழுங்கையுமாக அமைந்த நாடு யாழ்ப்பாணம். வேலி என்பது நமக்குப் புதிதன்று. நிலத்தின் வேலியைக் காட்டிலும் உயர்ந்து நின்றது சாதியின் வேலி.

பஞ்சமர் எனப்பட்ட மக்களின் பிள்ளைகள் பாடசாலைக்குச் சென்றபோதும் வாங்கில் அமர விடப்படவில்லை. நிலத்திலும் வகுப்பறைக்கு வெளியிலும் இருந்து பயின்றனர். ஏட்டிற் கணக்கெடுத்தால் அவர்களும் அப்பாடசாலையின் மாணவரே; அவர்களும் ‘உட்பட்டவரே’. 1920 களின் பிற்பகுதியில் அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கப்படல் வேண்டும் எனக் கல்வித்துறை பணித்தபோது, உயர்சாதியினர் மனுக்கள் எழுதி அதனை எதிர்த்தனர். சில பாடசாலைகள் தீக்கிரையாயின. ஒரு வாங்கிற்காகப் பாடசாலையையே எரிக்கத் துணிந்த சமூகம் அது. 1924 ஆம் ஆண்டில் தோன்றிய மாணவர் காங்கிரஸ், பின்னாளில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்றது. ஹன்டி பேரின்பநாயகம் போன்றோர் முன்னின்ற அவ்வியக்கம் சம ஆசனத்தையும் சம போசனத்தையும் துணிந்து ஆதரித்தது. அதனை நாம் நன்றியோடு நினைவுகூர்தல் தகும்.

1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதி காரணமாக ஒருவரைப் பாடசாலை, கடை, தேநீர்க்கடை, பொதுக் கிணறு, சிகையலங்கார நிலையம், வழிபாட்டிடம் முதலியவற்றில் தடுத்தலைக் குற்றமாக்கியது. சட்டம் ஏட்டில் இருந்தது. தேநீர்க்கடையில் வேறு ஏனம் இருந்தது. உள்ளே வாங்கில் இருப்பவருக்குக் கண்ணாடிக் குவளை. வெளியே நிலத்தில் இருப்பவருக்குப் போத்தல். கிணற்றடியில் துலாவைத் தொடமுடியாது குடத்தோடு காத்திருந்து, யாரேனும் அள்ளி ஊற்றினால் மட்டுமே தண்ணீர் பெற்ற தாய்மார் பலர். அக்கிணற்றின் பெயரும் ‘பொதுக் கிணறு’ தான்.

இவ்வாசல்களை எவரும் மனமிரங்கித் திறந்துவிடவில்லை. 1966 ஆம் ஆண்டு ஒக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்தில் தொடங்கிய ஊர்வலம் பொலிசாரின் தடியடிக்கு உள்ளாகியது. 1967 இல் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் உருப்பெற்றது. சங்கானையிலும் சாவகச்சேரியிலும் நெல்லியடியிலும் தேநீர்க்கடைகளுள் மக்கள் நுழைந்தனர், வாங்கில் அமர்ந்தனர், குவளையில் தேநீர் கேட்டனர். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் அமர்ந்தனர். முன்னாள் அமைச்சரும் கணிதப் பேராசிரியருமான சி. சுந்தரலிங்கம் அவர்களைத் தடுத்து நின்றார். படிப்பு மிகுந்தவரே வாசலை மறித்து நின்றமை, கல்வி மட்டும் மனிதனை விடுவித்துவிடும் என நம்பும் ஆசிரியர்களாகிய நாம் ஆழ்ந்து சிந்திக்கவேண்டிய செய்தியாகும். அப்போராட்டங்களில் சிலர் உயிரையும் இழந்தனர். அவ்வியக்கத்தின் முன்னணியில் நின்ற கே. டானியல் 1972 இல் வெளியிட்ட ‘பஞ்சமர்’ நாவல் இவ்வனுபவத்தின் விளைச்சலாகும். 1971 இல் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனை கடுமையாக்கப்பட்டதும் இப்போராட்டங்களின் பின்னரே.

தேநீர்க்கடையுள் நுழைந்தவர் ‘எம்மையும் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று எவரையும் வேண்டவில்லை. காசு கொடுத்தால் தேநீர் தரவேண்டும் என்னும் உரிமையை நிலைநாட்டினர். வரவேற்பை வேண்டுபவன் வரவேற்பவனின் தயவில் வாழ்கின்றான். உரிமையை நிலைநாட்டுபவனோ பூட்டையே செல்லாக்காசாக்குகின்றான்.

உட்படுத்திய கையே வெளியேற்றிய கதை

தயவிற் கிடைத்தது நிலையாது என்பதற்கு மலையகத்தின் வரலாறு மறுக்கவியலாச் சான்று. 1931 ஆம் ஆண்டில் டொனமூர் அரசியலமைப்பு இந்நாட்டில் சர்வசன வாக்குரிமையை வழங்கியது. மலையக மக்களுக்கு அது முழுமையாகக் கிட்டாது, வதிவிட நிபந்தனைகளால் குறுக்கப்பட்டது. அவ்வாறிருந்தும் 1947 தேர்தலில் அவர்கள் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்குத் துணைநின்றனர். உழைக்கும் மக்கள் இனம் கடந்து ஓரணியில் திரள்வதை ஆளும் வர்க்கம் பொறுக்குமா? சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில், 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. 1952 தேர்தலில் அவர்களின் குரல் பாராளுமன்றத்தில் இல்லாதொழிந்தது.

1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைத் தராசிலிட்டுப் பங்கு பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி 1974 வரை ஒத்திவைக்கப்பட்டு, அப்போது பாதிக்குப் பாதியாகப் பிரிக்கப்பட்டது. எங்கு வாழ விரும்புகின்றீர் என்று எந்த வீட்டுக் கதவையும் எவரும் தட்டிக் கேட்டிலர். எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைப் போக்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. சுதந்திர இலங்கை தன் நாட்டின் செல்வத்தை ஈட்டித் தந்த மக்களை ‘உட்படுத்த’ அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது.

சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெருமுயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி வந்தபோது, கட்டணம் என்னும் பூட்டு உடைந்தது. கிராமத்து உழவன் மகனும் மகளும் பல்கலைக்கழகம் வரை செல்ல வழி பிறந்தது. இக்கட்டுரையை எழுதும் நாமும் படிக்கும் நீங்களும் அதன் பிள்ளைகளே. ஆனால் பெருந்தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே கிடந்தன. 1970 களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்றது. எல்லோருக்கும் என்று எழுதப்பட்ட சட்டத்திலும் ‘எல்லோர்’ என்பவர் யார் என்பதை யாரோ ஒருவர் தீர்மானித்தே இருக்கின்றார்.

கடனுக்குள் அடைத்தல்

இன்றைய காலத்தில் இச்சொல்லின் பழைய பொருள் மீண்டும் தலைதூக்கிய இடம் ஒன்றுண்டு. வங்கியின் வாசலைக் காணாத ஏழையையும் நிதி அமைப்புக்குள் சேர்த்தல் என்னும் கொள்கையை உலக வங்கி முதலான நிறுவனங்கள் பரப்பின. அதன் பெயரால் நுண்கடன் நிறுவனங்கள் நம் கிராமங்களுக்கு வந்தன. 2009 இல் போர் முடிந்த பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் துணையை இழந்து குடும்பத்தைத் தனித்துச் சுமந்த பெண்களே அவற்றின் வாடிக்கையாளராயினர். ஈடு வேண்டாம், கையொப்பம் போதும், வீட்டுக்கே வந்து தருவோம் என்றனர். அதே வீட்டுக்கு வாரந்தோறும் அறவிடவும் வந்தனர். ஒரு கடனை அடைக்க மறுகடன், மறுகடனை அடைக்க வேறொன்று எனப் பெண்கள் சுழலில் அகப்பட்டனர்.

சிங்களக் கிராமங்களின் நிலையும் இதனின் வேறன்று. 2018 ஆம் ஆண்டில், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்கள் பெற்ற, 1 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்கவேண்டி வந்தது. 2021 இல் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தனர். ‘உட்படுத்தப்பட்டோம்’ என்று அவர்கள் கூறுவாராயின், மத்திய காலத்து இலத்தீன் அறிந்தோர் அதன் பொருளைச் சரியாகவே விளங்கிக்கொள்வர்: உள்ளே வைத்து அடைக்கப்பட்டோம்!

நமது சொற்களும் நமது பணியும்

தமிழில் இதற்கு வழங்கும் ‘உள்ளடக்கல்’ என்பதும் சிந்தனைக்குரியது. அடக்குதல் என்பது கொள்ளுதலையும் குறிக்கும், ஒடுக்குதலையும் குறிக்கும். அடக்குமுறையும் அதிற் பிறந்ததே. பிணத்தை அடக்கம் செய்தலும் அதிற் பிறந்ததே. மொழிபெயர்ப்பாளர் அறியாமலே ஆங்கிலச் சொல்லின் பூட்டு தமிழிலும் வந்து தொங்குகின்றது.

நம்மிடம் ‘பொது’ என்றொரு பழஞ்சொல் உண்டு. ஒருவருக்கன்றி எல்லோருக்கும் உரியது என்பது அதன் பொருள். பொதுவில் வாசற்காவலர் இல்லை. வரவேற்பவரும் வரவேற்கப்படுபவரும் இல்லை. ஆயினும் பழஞ்சொல் என்பதற்காக அதனைத் தலைமேற் கொண்டாடுவதும் தவறாகும். தில்லையில் கூத்தன் ஆடும் மன்றுக்குப் ‘பொது’ என்றே பெயர். அப்பொதுவைக் காணத் துடித்த திருநாளைப்போவார் ஊரெல்லையிலேயே நின்றார். பெரியபுராணத்தின்படி, தீயில் மூழ்கி, பழைய உடல் நீங்கி, பூணூல் பூண்ட முனிவராய் எழுந்த பின்னரே அவர் உள்ளே சென்றார். நீ நீயாக இருக்கும்வரை உனக்கு இடமில்லை; எம்மைப் போல் ஆனால் வரலாம் என்பதே அவ்வரவேற்பின் உட்பொருள். உன் மொழியை விடு, உன் ஊரின் பேச்சை விடு, உன் தாயின் தொழிலை மறை என்று சொல்லாமற் சொல்லும் வகுப்பறைகளிலும் இத்தகைய தீ எரிந்துகொண்டுதான் இருக்கின்றது.

ஆகவே ‘இன்குளூசிவ்’ என்னும் சொல்லை நாம் தூக்கியெறிய வேண்டியதில்லை. மாற்றுத்திறனுடையோர் தம் உழைப்பால் அதற்கேற்றிய நற்பொருளைக் காத்தல் நம் கடமையுமாகும். அச்சொல்லைச் சுற்றறிக்கையிற் காணுந்தோறும் நாம் கேட்கவேண்டியவை சிலவே. வெளியே நிற்பவர் யார்? வேலியை எழுப்பியவர் யார்? திறவுகோல் யார் கையில் உள்ளது? உள்ளே வந்தவர் வாங்கில் அமர்ந்துள்ளாரா, நிலத்தில் அமர்ந்துள்ளாரா? வந்தவர் விதிகளை மாற்றும் உரிமையும் பெற்றுள்ளாரா, வெறும் எண்ணிக்கையாய் ஏட்டில் நிற்கின்றாரா? விரும்பாதவிடத்து வெளியேறும் உரிமை அவருக்கு உண்டா?

இக்கேள்விகளை மாணவருக்குக் கற்பித்தல் வரலாற்றுப் பாடத்தின் ஒரு பகுதியாதல் வேண்டும். பாடசாலையிலும் நாம் செய்யக்கூடியது பலவுண்டு. தேயிலைக் கொழுந்து பறிக்கும் தாயின் மகள் உயர்தரத்தில் விஞ்ஞானம் பயில ஆசிரியர் இல்லையெனில், அதனை அவள் குறையாக எழுதாது அரசின் குறையாக எழுதுவோம். படியேற முடியாத மாணவனைத் தூக்கிச் செல்லும் நண்பர்களைப் பாராட்டுவதோடு நில்லாது, படியை இடித்துச் சாய்தளம் அமைக்குமாறு ஒப்பமிட்டுக் கேட்போம். பின்வரிசையில் ஒரே வட்டாரத்துப் பிள்ளைகள் மட்டும் அமர்ந்திருப்பின் அது தற்செயலன்று என்பதை உணர்வோம். 1930 இல் எரிந்த பாடசாலைகளின் சாம்பலிலும், 1968 இல் மறிக்கப்பட்ட கோயில் வாசலிலும், 1949 இல் பறிக்கப்பட்ட வாக்குச்சீட்டிலும் எழுதப்பட்டிருப்பது ஒரே பாடம்: கதவு அகலத் திறக்கப்படுவது போதாது, கதவு மக்களின் உடைமையாதல் வேண்டும். அந்நாளில் ‘எல்லோரும் வருக’ என்று அழைக்க ஒருவர் வாசலில் நிற்கவேண்டிய தேவையே இராது.